மதுரை வட்டாரத்தில் பொதுக் கணினியும் மறைநிலை உலாவலும்

மறைநிலை உலாவல் என்பது, இணையத்தில் பார்த்தவற்றின் தடயம் பார்த்த கருவியிலேயே தங்கிவிடாதபடி செய்யும் உலாவி வசதி ஆகும். குரோம் உலாவியின் தமிழ் இடைமுகம் இதை ‘மறைநிலை’ என்கிறது. ஃபயர்பாக்சும் சஃபாரியும் தனிப்பட்ட உலாவல் என்று பொருள்படும் பெயரை வைத்துள்ளன. மைக்ரோசாப்ட் வைத்த பெயர் ‘இன்பிரைவேட்’. எல்லாப் பெயர்களும் செய்வதைவிடச் சற்று அதிகமாகவே சொல்கின்றன. இவ்வசதி மறைப்பது பெரும்பாலும் ஒருவரிடமிருந்துதான்: அதே கருவியை அடுத்துக் கையில் எடுப்பவரிடமிருந்து. இணைப்பு தரும் நிறுவனம், கல்லூரியின் வலையமைப்பு, பார்க்கப்படும் தளம், சட்டப்படி பதிவேடு கேட்கும் அரசு ஆகியோரின் முன் இது திரை எதையும் இழுப்பதில்லை.

இப்படி ஒரு பக்கம் மட்டும் அடைத்த கதவு ஏன் செய்யப்பட்டது என்பதற்கு விடை, ஒரு கணினியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்திய காலத்தில் இருக்கிறது. மதுரையும் அதைச் சுற்றிய சமவெளி ஊர்களும் அக்காலத்தை நன்கு அறிந்தவை.

கண்ணாடிக் கூண்டும் ரசீதும்

கைப்பேசி பரவுமுன், 1990களில், மதுரையின் பேருந்து நிலையங்களைச் சுற்றியும் கடைத்தெருக்களிலும் எஸ்.டி.டி. பூத்துகள் நிறைந்திருந்தன. பூத்துக்குள் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டால் பேச்சு வெளியே அவ்வளவாகக் கேட்காது. வெளிநாட்டில் வேலை செய்யும் அண்ணனிடம் வீட்டுக் கடனைப் பற்றியும், வெளியூரில் இருக்கும் சம்பந்தி வீட்டாரிடம் சீர் பற்றியும் கூச்சமின்றிப் பேசலாம். பேசி முடித்து வெளியே வந்ததும், மேசை மீதிருக்கும் சிறிய அச்சுப்பொறி கரகரவென்று ஒரு சீட்டைத் தள்ளும். எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பேசப்பட்டது, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

கூண்டு, வரிசையில் நின்றவரின் காதை அடைத்தது. எண்ணையும் நேரத்தையும் அது மறைக்கவில்லை; மறைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பூத்துக்காரருக்குச் சீட்டு தெரியும், தொலைபேசி இணைப்பகத்துக்குக் கணக்கு தெரியும். தேவைப்பட்டால் பேச்சையே இடைமறித்துக் கேட்க 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு அரசுக்கு இடம் கொடுத்தது. அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தலாம், யார் ஒப்புதல் தர வேண்டும் என்ற வரையறைகளை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 18 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில்தான் விதித்தது. ஆக, பக்கத்தில் நிற்பவரிடமிருந்து காப்பது கண்ணாடிக் கதவின் வேலையாகவும், கம்பியின் மறுமுனையில் இருப்பவரிடமிருந்து காப்பது சட்டத்தின் வேலையாகவும் இருந்தன. எஸ்.டி.டி. பூத்தில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ளவில்லை. சீட்டு கைக்கே வந்துவிடும் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மேலூர் வட்டத்துக் கணினி நிலையங்கள்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பெருநகரங்களில் தொடங்கியது. மதுரைப் பகுதியின் கிராமங்களுக்கு அது வந்து சேர்ந்த வழி சற்று வித்தியாசமானது. மதுரைக்கு வடகிழக்கே, பெரியாற்றுப் பாசனம் பாயும் மேலூர் வட்டத்தில் 2001 நவம்பரில் ‘சாரி’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ஊரக இந்தியாவில் நிலைத்து நிற்கும் இணைய வசதி என்பது அப்பெயரின் விரிவு. சென்னை ஐ.ஐ.டி., மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேப், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையம், ஐ-ஞான் அறக்கட்டளை, என்-லாக் நிறுவனம் ஆகியவை இதில் கூடின. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாக்கிய ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லா இணைப்பு, கோபுரத்திலிருந்து ஊர்களுக்கு இணையத்தைக் கொண்டுபோனது. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைய கைப்பேசியில் ஒரு படம் திறக்க எடுக்கும் பொறுமை, அன்று ஒரு மின்னஞ்சலுக்குத் தேவைப்பட்டது.

நிலையத்தை நடத்தியவர் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்தவர். ஒரு கணினி, அச்சுப்பொறி, வெப்கேமரா, மின்தடைக்கு மாற்று ஏற்பாடு ஆகியவற்றை வைத்துக்கொண்டு அவர் தொழில் செய்தார். பிறப்பு, இறப்புச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம் போன்றவற்றுக்கான விண்ணப்பங்கள் இங்கிருந்து மேலூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போயின. கண்ணில் கோளாறு உள்ளவரின் கண்ணை வெப்கேமராவில் படமெடுத்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. மருத்துவர் படத்தைப் பார்த்து, நேரில் வர வேண்டுமா என்று பதில் எழுதுவார்.

அந்தரங்கம் என்ற கோணத்தில் பார்த்தால் இந்த நிலையங்கள் சுவையான இடம். விண்ணப்பதாரர் பலருக்குத் தட்டெழுதத் தெரியாது. நிலையத்தை நடத்தியவரே கேட்டு எழுதினார், அனுப்பினார், வந்த பதிலைப் படித்துக் காட்டினார். ஒருவரின் வருமானமும் வயதும் நோயும் அவர் வழியாகவே இணையத்துக்குச் சென்றன. முன்பு அஞ்சல் நிலைய வாசலில் உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்தவருக்கும் இவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு: கடிதம் எழுதுபவரின் கையில் நகல் தங்காது, கணினியில் எல்லாம் தங்கும்.

திட்டம் நெடுங்காலம் நிற்கவில்லை. வருமானம் போதாமை, பழுது பார்க்க ஆள் கிடைக்காமை, அலுவலர்கள் மாறியதும் அரசுச் சேவைகள் நின்றுபோனமை ஆகியவற்றால் நிலையங்கள் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. ஆனால் ‘வேறொருவரின் கணினியில் நம் வேலை’ என்ற பழக்கம் மூடப்படவில்லை. இன்றைய இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் அது அப்படியே தொடர்கிறது.

பிரவுசிங் சென்டரின் ஞாபக சக்தி

நகரத்தில் அதே ஆண்டுகளில் பிரவுசிங் சென்டர்கள் பெருகின. கல்லூரிகளுக்கு அருகிலும் பேருந்து நிலையங்களுக்கு அருகிலும் மாடிப்படி ஏறினால் ஒட்டுப்பலகையால் தடுத்த சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, மணிக்கணக்கில் கட்டணம். பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் வாசல் வரை கூட்டம் நிற்கும். வீட்டு இணைப்பு அரிதாக இருந்தது; பி.எஸ்.என்.எல். அகலப்பட்டைச் சேவையே 2005 ஜனவரியில்தான் தொடங்கியது.

அக்கால உலாவிகள் தனி ஒருவரின் மேசைக் கணினியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. எதையும் மறக்காமலிருப்பதே அவற்றின் சிறப்பு. சென்ற தளங்களின் பட்டியல் வரலாறாகச் சேரும். பார்த்த படங்கள் தற்காலிகக் கோப்புகளாக வன்தட்டில் இறங்கும். ‘குக்கி’ எனப்படும் சிறு குறிப்பு, வந்தவர் யார் என்று தளத்துக்கு நினைவூட்டும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி 1994-இல் உருவாக்கிய முறை அது. படிவத்தில் ஒருமுறை எழுதியதை அடுத்த முறை தானே எடுத்துத் தரும் வசதியும் சேர்ந்துகொண்டது.

தன் வீட்டில் இது உதவி. பிரவுசிங் சென்டரில் இது ஒட்டுக்கேட்கும் அண்டைவீட்டார். தேர்வுப் பதிவெண் பெட்டியில் முதல் இலக்கத்தைத் தட்டினால், அன்று காலையிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த மாணவர்களின் எண்கள் கீழே வரிசையாகத் தொங்கும். மின்னஞ்சல் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் பிறரின் முகவரிகள் வரும். வெளியேறாமல் எழுந்து போனவரின் யாகூ அஞ்சலும் ஆர்க்குட் பக்கமும் அடுத்து வந்தவருக்குத் திறந்தபடியே கிடைக்கும். விவரம் தெரிந்தவர்கள் எழுந்திருக்கும் முன் வரலாற்றை அழித்தார்கள். அப்படி அழிக்கும்போது தமக்கு முன்னால் வந்தவர்களின் தடயத்தையும் சேர்த்தே அழித்தார்கள். நகரத்தின் இளைஞர்கள் பலருக்குத் தரவுப் பாதுகாப்பில் கிடைத்த முதல் பாடம் அதுவாகவே இருந்திருக்கும்.

உலாவிக்குள் ஒரு தடுப்பு

இந்தச் சிக்கலுக்கு உலாவிக்குள்ளேயே தீர்வு வைத்த முதல் பெரிய நிறுவனம் ஆப்பிள். 2005 ஏப்ரலில் வெளிவந்த அதன் டைகர் இயங்குதளத்துடன் வந்த சஃபாரி உலாவியில் தனிப்பட்ட உலாவல் இடம்பெற்றது. கூகுள் 2008 செப்டம்பரில் குரோமை வெளியிட்டபோதே மறைநிலையைச் சேர்த்திருந்தது. மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 உலாவி 2009 மார்ச்சிலும், ஃபயர்பாக்ஸ் 3.5 அதே ஆண்டு ஜூனிலும் பின்தொடர்ந்தன. நிறுவனங்கள் வழக்கமாகச் சொன்ன எடுத்துக்காட்டு, வீட்டில் உள்ளவருக்குத் தெரியாமல் அவருக்கே ஒரு பரிசு வாங்குவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வாளர்கள் 2010-இல் அளந்து பார்த்தபோது, பரிசுப் பொருள் தளங்களைவிட வயது வந்தோருக்கான தளங்களிலேயே இந்நிலை மிகுதியாகப் பயன்பட்டது தெரிந்தது. ஆய்வு இல்லாமலேயே பிரவுசிங் சென்டர்காரர்கள் இதைச் சொல்லியிருப்பார்கள்.

வேலை செய்யும் முறை எளிது. மறைநிலைச் சாளரம் திறக்கும்போது உலாவி ஒரு வெற்றுப் பலகையுடன் தொடங்குகிறது. முன்னர் சேர்ந்த குக்கிகள் அதனுள் வருவதில்லை. அதனால் வழக்கமான சாளரத்தில் உள்நுழைந்திருந்த கணக்குகள் இங்கே வெளியேறிய நிலையில் இருக்கும். உள்ளே நடப்பவை தற்காலிகமாக மட்டும் வைக்கப்பட்டு, அத்தகைய சாளரங்கள் எல்லாம் மூடப்பட்டதும் வரலாறு, குக்கி, படிவத்தில் எழுதியவை ஆகியவை கைவிடப்படுகின்றன. எல்லாவற்றையும் மூடுவது முக்கியம். ஒன்றை மூடி மற்றொன்றைத் திறந்து விட்டால் பலகை அழிவதில்லை.

பதிவிறக்கிய கோப்பு கணினியிலேயே இருக்கும். ஜெராக்ஸ் கடையில் மறைநிலையில் மின்னஞ்சலைத் திறந்து ஆதார் நகலை இறக்கி அச்செடுத்தவர், சாளரத்தை மூடிவிட்டுப் போனாலும் நகல் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் கிடக்கும். குறித்து வைத்த பக்க முகவரிகளும் அப்படியே நிற்கும். உலாவியில் சேர்க்கப்பட்ட நீட்சிகள் சில, தமக்கென்று குறிப்பெடுக்கக்கூடியவை. 2010 ஆய்வு இதைக் குறையாகவே சுட்டியது. கணினியில் விசைகளைப் பதிவு செய்யும் நிரல் யாராவது வைத்திருந்தால், கடவுச்சொல் உலாவியைச் சேரும் முன்பே அதன் கையில் சேர்ந்துவிடும். மறைநிலையை வேறு எந்தச் சாளரத்துக்கும் உரிய நம்பிக்கையுடன்தான் அத்தகைய கணினியில் பயன்படுத்த முடியும், அதாவது நம்பிக்கையில்லாமல்.

நான்கரை அடி

உலாவிக்குள் தடுப்பு எழும்பிய சில ஆண்டுகளுக்குள் பிரவுசிங் சென்டரின் தடுப்பு சட்டப்படி தாழ்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ், இணைய மையங்களுக்கான விதிகளை நடுவண் அரசு 2011 ஏப்ரல் 11 அன்று வெளியிட்டது. மையங்கள் பதிவு பெற வேண்டும். வருபவரிடம் அடையாள ஆவணம் பார்க்க வேண்டும். பெயர், முகவரி, எந்தக் கணினி, வந்த நேரம், போன நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி ஓராண்டு வைத்திருக்க வேண்டும். அறைத் தடுப்பு நான்கரை அடிக்கு மேல் போகக் கூடாது. தடுப்பில்லாத கணினிகளின் திரை பொது இடத்தை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும்.

இவற்றுள் இப்பொருளுக்கு மிக நெருக்கமானது மற்றொரு விதி. மையத்தின் கணினிகளில் பார்க்கப்பட்ட தளங்களின் வரலாற்றையும், இணைப்பு பதிலாள் சேவையகம் வழியே சென்றால் அதன் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும் என்றது அது. உலாவி அழிப்பதை மையம் எழுதி வைக்க வேண்டும். மறைநிலைச் சாளரத்தில் ஒருவர் பார்த்தது அந்த நாற்காலியில் அழிந்தாலும், முறையாக விதியைப் பின்பற்றும் மையத்தின் பதிவில் அவர் பெயரோடு பொருத்திப் பார்க்கும்படி இருக்கும். ஒவ்வொரு கடையும் இதை எழுத்துப்படி செய்ததா என்பது வேறு. சட்டம் எதிர்பார்த்தது இதுதான்.

குற்றம் செய்பவர் பொதுக் கணினியில் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பது அரசின் நோக்கம். அதில் நியாயம் உண்டு. மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பியவரைத் தேடிப் போனால் மாடிப்படியோடு தடயம் முடிந்துவிடும் நிலை இருந்தது. ஆனால் மிரட்டல் அனுப்பியவருக்கும், காசநோய் மருந்தின் பக்கவிளைவைத் தேடியவருக்கும் ஒரே பதிவேடுதான்.

கம்பியின் மறுமுனை

வீட்டிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ பார்ப்பவருக்கு மையத்தின் பதிவேடு இல்லை. அந்த இடத்தில் இணைப்பு தரும் நிறுவனம் இருக்கிறது. உலாவி ஒரு தளத்தைத் திறக்க வேண்டுமானால் அதன் பெயருக்குரிய எண் முகவரியை முதலில் கேட்டறிய வேண்டும். பிறகு அந்த முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும். மறைநிலையில் இருந்தாலும் இந்தப் பயணம் அதே சாலையில்தான் நடக்கிறது. பூட்டுக் குறியுள்ள பாதுகாப்பான இணைப்பு, பக்கத்தின் உள்ளடக்கத்தை மறைகுறியாக்குகிறது. அதைச் செய்வது தளமும் உலாவியும் சேர்ந்து. மறைநிலைக்கு அதில் பங்கில்லை. உறையிலிட்ட கடிதம் போல, உள்ளே எழுதியது தெரியாது, மேலே எழுதிய முகவரி பொதுவாகத் தெரியும். ஒருவர் எந்த மருத்துவமனையின் தளத்துக்குப் போனார் என்பது தெரியலாம், எந்த நோயைப் பற்றிய பக்கம் என்பது தெரியாது. கல்லூரி விடுதியின் வைஃபையில் பயனர் பெயர் கொடுத்து நுழையும் மாணவருக்கும் இதே கணக்குதான், அந்தப் பெயர் அவருடையது என்பது கூடுதலாகத் தெரியும்.

சாலை யார் கையில் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டு இணையப் பயனர்கள் 2012-இல் நேராகக் கண்டனர். ‘3’ என்ற தமிழ்ப்படமும் ‘தம்மு’ என்ற தெலுங்குப்படமும் இணையத்தில் திருட்டுத்தனமாகப் பரவாமல் தடுக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை பெறப்பட்டது. அதைப் பின்பற்றி, இணைப்பு நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற முழுத் தளங்களையே அடைத்தன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே அடைக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஜூன் மாதத்தில் தெளிவுபடுத்திய பிறகே அவை திறந்தன. அடைபட்ட தளத்தை மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்த்தவருக்கும் அதே அடைப்புதான் காத்திருந்தது. தளத்தை அடைக்க முடிகிற நிறுவனத்துக்கு, யார் அங்கே போக முயன்றார் என்பதும் தெரிய முடியும்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியபின் இணையம் பிரவுசிங் சென்டரை விட்டுச் சட்டைப் பைக்கு வந்தது. சட்டைப் பையில் இருக்கும் சிம் அட்டை அடையாள ஆவணம் கொடுத்து வாங்கியது. இணைப்புப் பதிவுகளை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டிய காலத்தை 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டுகளாக உயர்த்தியது. நாற்காலியின் பயம் குறைந்த அதே காலத்தில் கம்பியின் நினைவு நீண்டது.

சிலர் வி.பி.என். சேவைகளை நாடினர். அவை சாலையின் முதல் பகுதியை மூடிய குழாயாக மாற்றுகின்றன. இணைப்பு நிறுவனத்துக்குக் குழாய் மட்டும் தெரியும், உள்ளே செல்வது தெரியாது. அதே வேளை, இணைப்பு நிறுவனம் இருந்த இடத்தில் வி.பி.என். நிறுவனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவற்றின் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று ‘செர்ட்-இன்’ அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. வெளிநாட்டு வி.பி.என். நிறுவனங்கள் சில அதைத் தொடர்ந்து இந்தியாவிலிருந்த தம் சேவையகங்களை எடுத்துவிட்டன.

கூகுள் மீதான வழக்கு

மூன்றாவது கண், பார்க்கப்படும் தளத்தினுடையது. மறைநிலையில் உள்ளவர் தன் கணக்கில் உள்நுழைந்தால் தளத்துக்கு அவர் யார் என்று தெரியும். தேடியதும் பார்த்ததும் அந்தக் கணக்கில் சேரலாம். உள்நுழையாவிட்டாலும் இணைப்பின் எண் முகவரி, திரையின் அளவு, கருவியின் வகை, எழுத்துருக்கள் ஆகியவை சேர்ந்து ஒருவரை அடையாளம் காணப் போதுமானவையாக இருக்கலாம்.

மக்கள் இதை எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்று சிகாகோ, ஹனோவர் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2018-இல் 460 பேரிடம் சோதித்தனர். உலாவிகள் தரும் விளக்கத்தைப் படித்த பிறகும், கூகுள் கணக்கில் உள்நுழைந்து தேடினாலும் தேடல் சேமிக்கப்படாது என்று பாதிக்கு மேற்பட்டோர் நம்பினர். குழப்பத்துக்குப் பயனரின் கவனக்குறைவை மட்டும் காரணம் காட்ட முடியாது. தொப்பியும் கண்ணாடியும் அணிந்த துப்பறிவாளர் படம் சொல்வது ஒன்று, அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பது வேறு ஒன்று.

அமெரிக்காவில் 2020 ஜூனில் கூகுள் மீது வழக்கு தொடுக்கப்பட்டது. மறைநிலையில் இருந்தபோதும், பிற தளங்களில் பொருத்தப்பட்ட அதன் விளம்பர, அளவீட்டுக் கருவிகள் வழியே தரவு சேர்க்கப்பட்டது என்பது புகார். 2023 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டு, 2024 ஏப்ரலில் விவரம் வெளியானது. சேர்த்த பதிவுகளில் கோடிக்கணக்கானவற்றை அழிக்கவும், மறைநிலையில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஐந்து ஆண்டுகளுக்கு இயல்பாகவே தடுக்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. தளங்களும் கூகுள் உள்ளிட்ட சேவைகளும் தரவு சேர்க்கும் முறையை மறைநிலை மாற்றுவதில்லை என்ற பொருளில் குரோமின் அறிவிப்பும் திருத்தப்பட்டது. குரோம் வெளிவந்து 15 ஆண்டுகளுக்குப் பின் சேர்ந்த வரி அது.

மதுரைக் கிளையில்

இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை இணையத்தின் மறுமுனை வரை எட்டுமா என்ற கேள்வி, விரைவிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. குற்ற வழக்கொன்றில் தண்டிக்கப்பட்டு, 2014-இல் இதே கிளையால் விடுவிக்கப்பட்ட ஒருவர், தீர்ப்பில் இருக்கும் தன் பெயரை மறைக்க வேண்டும் என்று கேட்டார். விடுதலையான பிறகும், பெயரைத் தேடினால் வழக்கு முன்னால் வந்து நின்றது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஆகஸ்ட் 3 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தார். தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை காத்திருப்பது நல்லது என்பது அவர் கருத்து. மேல்முறையீட்டில், நீதிபதிகள் அனிதா சுமந்த், ஆர். விஜயகுமார் அமர்வு 2024 பிப்ரவரி 27 அன்று மனுதாரருக்குச் சாதகமாக ஆணையிட்டது. தீர்ப்புகளை வெளியிடும் ‘இந்தியன் கானூன்’ தளம் உச்ச நீதிமன்றத்தை நாட, அந்த ஆணைக்கு 2024 ஜூலையில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது.

வெளிப்படையான நீதிமன்றப் பதிவு ஒரு பக்கம், விடுதலையானவரின் பிற்கால வாழ்வு மறுபக்கம். எது பெரிது என்பதில் நீதிபதிகளே வேறுபட்டனர். மறைநிலை உலாவலை எண்ணுபவருக்கு இவ்வழக்கு காட்டுவது இன்னொன்று: பிறர் சேவையகத்தில் இருக்கும் பதிவைத் தொட உலாவியில் பொத்தான் இல்லை. அதற்கு வழக்கறிஞர் வேண்டும், ஆண்டுகளும் வேண்டும்.

வீட்டுக்கு ஒரு கைப்பேசி

இவ்வளவு குறைகளையும் அடுக்கிய பின், மறைநிலை வீண் என்று சொல்வது தவறாகிவிடும். நாற்காலிப் பயம் எல்லோருக்கும் போய்விடவில்லை. ஒரே கைப்பேசியைக் கணவர், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் எடுக்கும் வீடுகள் நகரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உண்டு. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 199 பெண்களிடம் பேசி 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பகிரும் கைப்பேசியில் அவர்கள் கையாளும் வழிகளைப் பட்டியலிட்டது: பூட்டு, செயலிப் பூட்டு, அழித்தல், மறைநிலை, சிலவற்றைப் பயன்படுத்தாமலே விடுதல். இவர்களுக்குக் கூகுளோ தொலைத்தொடர்புத் துறையோ முதல் கவலை இல்லை. கருத்தடை பற்றித் தேடிய மருமகளுக்கும், அடிவாங்கிய மனைவிக்கும், மனச்சோர்வு என்ற சொல்லைத் தட்டிப் பார்த்த மாணவனுக்கும் அஞ்ச வேண்டிய கண் அதே கூரையின் கீழ் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு எதிராகச் செய்யப்பட்ட கருவிதான் இது. முழு வரலாற்றையும் அழித்தால் ‘ஏன் எல்லாம் காலி?’ என்ற கேள்வி வரும். மறைநிலையில் தேடினால் வழக்கமான வரலாறு வழக்கம்போலவே கிடக்கும்.

அங்கும் சில ஓட்டைகளை அறிந்திருப்பது தேவை. கைப்பேசியில் உலாவியை விட்டு வேறு செயலிக்குப் போனால் மறைநிலைத் தாவல்கள் மூடப்படுவதில்லை. ஆண்ட்ராய்டில் குரோம் அறிவிப்புப் பட்டியலில் அதற்கான குறிப்பும் நிற்கும். தாவல்களை மூடிவிட்டே கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டும். மறைநிலைத் தாவல்களுக்கு விரல்ரேகைப் பூட்டுப் போடும் வசதி குரோம் அமைப்புகளில் உண்டு. ஆனால் பலரின் விரல்ரேகை பதிந்த கைப்பேசியில் அந்தப் பூட்டை அவர்களும் திறக்கலாம். வேவு பார்க்கும் செயலியை யாராவது நிறுவியிருந்தால் மறைநிலை அதைத் தடுக்காது. தளத்தில் கண்ட எண்ணைத் தொட்டு அழைத்தால் அழைப்பு கைப்பேசியின் அழைப்புப் பட்டியலில் ஏறும்: 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசியதும் அங்கே தெரியும், அதைத் தனியே நீக்க வேண்டும். பணம் செலுத்தினால் வங்கியின் குறுஞ்செய்தி, கணக்கோடு இணைத்த எண்ணுக்குப் போகும். மதுரைப் பகுதியில் அந்த எண் பல வீடுகளில் கணவருடையது.